ஆறு கிலோ நானூறு கிராம் விஞ்ஞானம்

1974 ஜனவரி 14, திங்கள்

இன்றைக்கு மறுபடியும் ஒரு பொய்யை வானத்துக்கு அனுப்பினோம். ராக்கெட் நேற்றே போய்விட்டது. பொய்தான் இன்று காலை பதினோரு மணிக்கு என் மேசையிலிருந்து புறப்பட்டது. 'இன்னொரு செயற்கைக்கோள் ஏவப்பட்டது. விண்வெளி ஆராய்ச்சிக்கான விஞ்ஞானக் கருவிகள் அதில் உள்ளன. கருவிகள் சீராக இயங்கி வருகின்றன.' மூன்றே வாக்கியம். ஒன்பது வருடமாக இதைத்தான் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் காஸ்மோஸ் என்று ஒரே பெயர், எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். வெள்ளிக்கிரகத்துக்குக் கிளம்பி வழியிலேயே படுத்துக்கொண்டதும் காஸ்மோஸ்தான். அமெரிக்காக்காரன் கொல்லைப்புறத்தைப் படம் பிடிக்கப் போவதும் காஸ்மோஸ்தான். ஒட்டுக் கேட்கப் போவதும் அதேதான். அறுநூற்றுச் சொச்சம் ஆகிவிட்டது. இத்தனை விஞ்ஞானம் தலைக்கு மேலே சுற்றுகிறது, மாஸ்கோவில் ஒரு நல்ல பல் டாக்டர் கிடைக்க மாட்டேன் என்கிறார்.

மீன்கடைக்கு மேலே இருக்கிற எங்கள் அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ரகசியம். டிராம் ஓட்டுகிறவர் மட்டும், "மீன்கடை, ஸ்புட்னிக் ஆபீஸ், இறங்கறவங்க இறங்குங்க" என்று கூவுகிறார்.

மதியம் கர்னல் கூப்பிட்டார். என் மேலதிகாரி பொர்ஃபிரி இக்னாத்யெவிச், ஓய்வுபெற்ற பீரங்கிப் படைக்காரர். ஒரு காது கேட்காது. எந்தக் காது என்பது கேள்வியைப் பொறுத்தது.

"தோழர் ரிம்மா, இனிமே கொஞ்சம் நிஜ விஞ்ஞானமும் வேணுமாம்."

"எதுக்குங்க?"

"வெளிநாட்டுக் கூட்டத்துல எவனோ எழுந்து கேட்டிருக்கான். 'அறுநூறு விஞ்ஞானக் கோள் விட்டீங்களே, கட்டுரையெல்லாம் எங்க?'ன்னு. நம்ம ஆளுங்க திருதிருன்னு முழிச்சிருக்காங்க. அதனால பிப்ரவரியில போற ஒட்டுக் கேக்கற கோள்ல ஒரு மூலையில விஞ்ஞானத்துக்கு இடம் ஒதுக்கியிருக்காங்க. கறி வறுவல்ல மல்லித்தழை தூவற மாதிரி."

எந்தக் கருவி என்று பட்டியலை நீட்டினார். அண்டக் கதிர்களை எண்ணும் பெட்டி. செய்தவர்: கிளேப் ஷுமீலின். என் வீட்டுக்காரன்.

இந்த நோட்டின் அட்டையில் 'வெள்ளரி ஊறுகாய்' என்று எழுதி வைத்திருக்கிறேன். எழுதுவதே குற்றம் என்று தெரியும். யாரிடமாவது சொல்லி அழ வேண்டுமே, வெள்ளரிக்காயிடமாவது.

ஜனவரி 15

கிளேப்புக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. காலைக் கஞ்சியில் மூன்று கரண்டி வெண்ணெய் போட்டேன். "என்ன விசேஷம்?" என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

ஜனவரி 27, ஞாயிறு

பெட்டி ஏவுதளத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது. கிளேப் ரயில் நிலையம் வரைக்கும் கூடவே போனான், மகளைக் கட்டிக் கொடுத்த அப்பன் மாதிரி. திரும்பி வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

பதினோரு வருடம். இரண்டு தடவை பட்டியலில் சேர்த்து இரண்டு தடவையும் எடை அதிகம் என்று தள்ளினார்கள். ஒன்பது கிலோவாக இருந்ததை ராவி ராவி ஆறு கிலோ நானூறு கிராமுக்குக் கொண்டு வந்தான். இரும்புத் திருகாணியை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டான். பெயின்டைச் சுரண்டினான். கடைசியில் பதினெட்டு கிராம் குறையவில்லை என்று தன் பெயர் பொறித்த தகட்டைக் கழற்றி எறிந்தான். அவன் வயதுக்காரர்கள் எல்லாம் துறைத்தலைவர் ஆகிவிட்டார்கள். இவன் இன்னும் சாப்பாட்டு வரிசையில் கடைசியில் நிற்கிற இளநிலை ஆராய்ச்சியாளன்.

"எண்ணிக்கை வந்துட்டாப் போதும் ரிம்மா. நல்லதோ கெட்டதோ. என் பெட்டி எண்ணின எண்ணிக்கை. அதுக்கப்புறம் என்னைத் தெருக் கூட்டச் சொன்னாலும் கூட்டுவேன்."

எனக்கு அவனைப் பிடிக்கும். எழுதி வைக்கிறேன், சில நாள் மறந்துவிடுகிறது.

பிப்ரவரி 6, புதன்

போனது. நல்லபடியாகப் போனது.

பெட்டி போகவில்லை.

காலையில் கர்னல் தந்தியை என் பக்கம் தள்ளினார். 'விஞ்ஞானப் பெட்டி அகற்றப்பட்டது. அந்த இடத்தில் கூடுதலாக ஓர் ஒட்டுக் கேட்கும் கருவி பொருத்தப்பட்டது.' இரண்டே வரி.

"அப்ப அறிக்கையில விஞ்ஞானக் கருவின்னு எழுத வேண்டாமா?"

"என்ன தோழர் புதுசாக் கேக்குறீங்க? எழுதாம இருந்தாத்தானே சந்தேகம் வரும்."

"பெட்டி எங்கங்க?"

"ஏவுதளத்துல ஒரு அலமாரியில இருக்காம். பூட்டியிருக்காம். பத்திரமா இருக்கும்."

"என் வீட்டுக்காரருக்குச் சொல்லலாமா?"

"சொன்னா, அதுக்குப் பதிலா என்ன ஏறிச்சுன்னு கேப்பாரு. என்ன ஏறிச்சுன்னு சொன்னா, நீங்களும் நானும் சைபீரியாவுல மரம் எண்ணிக்கிட்டு இருப்போம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் தடுக்கப் பாத்தேம்மா" என்றார். நம்பினேனா என்று தெரியவில்லை.

மூன்று வாக்கியத்தையும் எழுதினேன். எண்ணை மாற்றினேன்.

மாலை வானொலியில் வாசித்தார்கள். கிளேப் சமையலறை நடுவில் தேசிய கீதத்துக்கு நிற்பது போல எழுந்து நின்றான். 'கருவிகள் சீராக இயங்கி வருகின்றன.' அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கேட்டியா? சீராவாம் ரிம்மா, சீராவாம்!" கேட்டேன். நான் எழுதியதுதானே. எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று.

பிப்ரவரி 7

அவன் அலுவலகத்தில் கேக் வெட்டினார்களாம். எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்தான். தின்றேன். தின்னாமல் என்ன செய்வது?

பிப்ரவரி 21, வியாழன்

எண்ணிக்கையை அனுப்பி வைக்கும்படி 'உரிய அமைப்புக்கு' கிளேப் மனு போட்டிருக்கிறான். மனு நான்கு முத்திரை வாங்கிக்கொண்டு, மூன்று அலுவலகம் சுற்றி, என் மேசைக்கு வந்து சேர்ந்தது. 'மதிப்பிற்குரிய தோழர்களே' என்று ஆரம்பித்திருக்கிறான். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் என்னை இவ்வளவு மரியாதையாக அவன் அழைத்ததே இல்லை.

"பெட்டி பழுதாயிடுச்சுன்னு சொல்லிடலாமே" என்றேன் கர்னலிடம். இதுதான் நல்ல வழி என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் அழுவான், ஆனால் பிழைத்துக்கொள்வான்.

கர்னல் அதிர்ச்சி அடைந்தார். "பழுதுன்னா, சீரா இயங்குதுன்னு நாம கொடுத்த அறிக்கை பொய்யாயிடாதா? நம்ம அறிக்கை பொய்யானதா சரித்திரம் உண்டா?"

இல்லை. சரித்திரம் இல்லை. அதனால் எண்ணிக்கை கொடுக்க வேண்டும். பெட்டி அலமாரியில் இருக்கிறது, எண்ணிக்கை வானத்திலிருந்து வர வேண்டும். அதற்கு ஆள் போட்டாயிற்று: பகோமோவ்.

மார்ச் 5, செவ்வாய்

பகோமோவ் என்பவர் சிமெண்ட் இலாகாவில் இருபத்திரண்டு வருடம் புள்ளிவிவரம் எழுதியவர். முழங்கையில் கறுப்புத் துணி உறை, காதுக்குப் பின்னால் பென்சில். 'ஒரு நாளைக்கு இத்தனை கதிர்' என்று கட்டம் போட்ட தாளில் இரண்டு வாரமாக நிரப்பிக்கொண்டிருக்கிறார். இன்றைக்குப் பார்வைக்குக் கொடுத்தார். பார்த்தேன். தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"ஞாயிற்றுக்கிழமையெல்லாம் ஏன் குறையுது?"

"ஞாயித்துக்கிழமை ஆள் குறைவுதானேம்மா."

"அண்டக் கதிருக்கு என்ன ஆளு? நட்சத்திரத்துலேர்ந்து தானா வருது!"

"ஓ" என்றார், நட்சத்திரங்களின் நிர்வாகச் சீர்கேட்டை நினைத்து வருந்துகிறவர் போல.

"மாசக் கடைசி மூணு நாள் ஏன் எகிறுது?"

"திட்டத்தை முடிக்க வேணாமா? மாசம் பூரா தூங்குவாங்க, கடைசி மூணு நாள் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவாங்க. எல்லா இடத்துலயும் அப்படித்தான்."

"மார்ச்சுக்கு எவ்வளவு போடப் போறீங்க?"

"பிப்ரவரியைவிட ரெண்டு சதவீதம் கூட. போன மாசத்தைவிடக் குறைச்சு எழுதினா என் கை நடுங்கும்மா. சிமெண்ட்ல ஒரு மாசம்கூடக் குறைஞ்சது கிடையாது."

"சிமெண்ட் இருந்துச்சா?"

"கணக்கு இருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை எண்களை நானே உட்கார்ந்து மேலே தூக்கிவிட்டேன். மாதக் கடைசியை அவர் விட மறுத்தார். கர்னல் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். "குறைஞ்சா காரணம் எழுதணும். கூடினா எவனும் கேக்க மாட்டான்."

மார்ச் 8

மகளிர் தினம். அலுவலகத்தில் ஆளுக்கொரு மஞ்சள் மிமோசாப் பூங்கொத்து. கர்னல் பெண்களைப் பூமியின் மலர்கள் என்றார். பூமியின் மலர்கள் பாத்திரம் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மார்ச் 13, புதன்

முதல் தொகுதி கிளேப் கைக்குப் போய்விட்டது. குழந்தை மாதிரி ஓடி வந்தான். எண்ணிக்கையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, அதனால் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறான். சூப் ஆறுகிற வரை ஒப்பித்தான். பிப்ரவரி பன்னிரண்டுக்கு ஓர் எண்ணைத் தப்பாகச் சொன்னான். திருத்த வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் இத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஏப்ரல் 12

விண்வெளி நாள். தொலைக்காட்சியில் அடுத்த வருடம் நம் ஆட்களும் அமெரிக்கர்களும் மேலே சந்தித்துக் கை குலுக்கப் போவதைப் பொம்மை வைத்துக் காட்டினார்கள். விண்வெளி அமைதிக்கே என்று ஒருவர் உருகி உருகிப் பேசினார். கை குலுக்குகிறவர்களுக்கு மேலே எங்கள் காது சுற்றிக்கொண்டிருக்கும். அவர்களுடைய கண்ணும் சுற்றிக்கொண்டிருக்கும். அவர்களுடையதற்கு யார் அறிக்கை எழுதுகிறாளோ, அவளுக்காவது புருஷன் வேறு வேலையில் இருக்கட்டும்.

மே 20, திங்கள்

கிளேப் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான். மாதாமாதம் கதிர் இரண்டு சதவீதம் ஏறுகிறதாம். சூரியன் ஓய்ந்துவருகிற காலம், கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் இவ்வளவு வேகமாக ஏறும் என்று உலகத்தில் எவரும் சொன்னதில்லையாம். செப்டம்பரில் புதாபெஸ்ட் மாநாட்டில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினோரு வருடமாக அவன் முகத்தையே பார்க்காத இயக்குநர் தோளில் கை போட்டாராம்.

அண்டவெளி மாதத் திட்டத்தை நூற்றிரண்டு சதவீதம் நிறைவேற்றுகிறது. வாழ்க பகோமோவ்.

சிரிப்பு வரவில்லை. உலகம் முழுவதும் பார்க்க, மேடையில் ஏறி நின்று சிமெண்ட் கணக்கை வாசிக்கப் போகிறான் என் வீட்டுக்காரன். ஒரு நாள் எவனாவது கண்டுபிடிப்பான். அன்றைக்கு இவனைத்தான் பித்தலாட்டக்காரன் என்பார்கள். சொல்லிவிடலாமா? சொன்னால் நான் உள்ளே. சொல்லாவிட்டால் அவன் மானம் போகும். இரண்டில் எது பெரிசு? ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டுக்கொள்கிறேன். நாலு தடவையும் வேறு வேறு பதில்.

ஜூன் 16, ஞாயிறு

"வா, காட்டுப் பக்கம் போயிட்டு வரலாம்" என்றான். புறநகர் ரயிலில் போய், பிர்ச் மரங்களுக்குள் அரை மணி நடந்தோம். சுவர் இல்லாத இடமாகப் பார்த்து நின்றான். ரொட்டிப் பைக்குள்ளிருந்து தானே வரைந்த வரைபடத்தை எடுத்து மரத்தோடு ஒட்டிப் பிடித்தான்.

"முடிஞ்சா பதில் சொல்லு. முடியலைன்னா தலையை மட்டும் ஆட்டு. மார்ச் எட்டு, கதிர் குறையுது. மே ஒண்ணு, ரெண்டு, குறையுது. மே ஒன்பது, குறையுது. இதெல்லாம் என்ன நாளு?"

ஞாயிற்றுக்கிழமைகளைத் தூக்கினேனே, பண்டிகை நாட்களைப் பார்க்கவே இல்லையே!

"லீவு நாளு" என்றேன்.

"மாசக் கடைசி மூணு நாளும் எகிறுது. பிப்ரவரின்னா இருபத்தெட்டுல, மார்ச்சுன்னா முப்பத்தொண்ணுல, ஏப்ரல்னா முப்பதுல. சூரியன் வீட்டுச் சுவத்துல நம்ம காலண்டரை மாட்டியிருக்கா? இந்தக் கதிருங்க எல்லாம் தொழிற்சங்கத்துல உறுப்பினரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தந்தி, ஒட்டுக் கேட்கும் கருவி, சிமெண்ட் இலாகா எல்லாவற்றையும்.

திட்டுவான் என்று நினைத்தேன். "பெட்டி எங்க?" என்று கேட்டான்.

"ஏவுதளத்துல. அலமாரியில."

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான். "பூஞ்சை பிடிச்சிடுமே" என்றான்.

ஐயோ, அந்தக் குரல்.

ஜூன் 17

பேசவில்லை. ரொட்டி வேண்டுமா என்றால் தலையை மட்டும் ஆட்டுகிறான்.

ஜூன் 20, வியாழன்

இன்னும் பேசவில்லை. மேலிடத்துக்கு எழுதப் போகிறான் என்று நினைக்கிறேன். எழுதினால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். துணிப்பையில் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, சோப்பு, பல்பொடி எடுத்து வைத்திருக்கிறேன்.

பயம்தான். ஆனால் ஒரு மூலையில், எழுதட்டுமே என்றும் இருக்கிறது. ஒன்பது வருடத்தில் ஒரு தடவையாவது யாராவது 'அங்கே ஒன்றும் இல்லை' என்று சொல்லட்டும். அது என் வீட்டுக்காரனாக இருந்தால் இந்தக் காலுறையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து போவேன்.

ஜூன் 23, ஞாயிறு

காலையில் எழுந்து வந்தேன். சமையலறை மேசையில், மனப்பாடமாக எழுதிய தாள்களைப் பரப்பிக்கொண்டு, கையில் ரப்பரோடு உட்கார்ந்திருந்தான்.

"என்ன பண்றே?"

"மே தினத்தை அழிக்கிறேன்."

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மே ஒன்று, இரண்டு, ஒன்பது எல்லாம் நிமிர்ந்து நின்றன. மாதக் கடைசிகள் தணிந்திருந்தன. அங்கங்கே சின்னதாக ஏற்ற இறக்கம், இயற்கை தும்முகிற மாதிரி. அழகாக இருந்தது. தொழில் தெரிந்தவன் கை.

"கிளேப்!"

"உனக்காகத்தான் ரிம்மா. எவனாவது கண்டுபிடிச்சா முதல்ல மாட்டப் போறது நீ."

அது உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல். உண்மையாகவே இருக்கிற சாக்கு எவ்வளவு வசதி!

"அப்போ அந்த ரெண்டு சதவீத ஏத்தத்தையும் அழிச்சிடேன். ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடும். பேசாம இருந்துடலாம்."

"அதை அழிச்சா மிச்சம் என்ன இருக்கு?" என்று கேட்டான். நிஜமாகவே கேட்டான், என்னைப் பார்த்து, பதில் வேண்டும் போல.

ரப்பர் தூளை ஊதிவிட்டு வேலையைத் தொடர்ந்தான். கொஞ்ச நேரத்தில் சீட்டியடிக்க ஆரம்பித்தான். எனக்காகச் செய்கிறவன் ஏன் சீட்டியடிக்க வேண்டும்?

துணிப்பையிலிருந்து காலுறையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

புதாபெஸ்டிலிருந்து வந்துவிட்டான். முகமே வேறாக இருக்கிறது. ஒரு பிரெஞ்சுக் கிழவர் எழுந்து, இதற்கு 'ஷுமீலின் ஏற்றம்' என்று பெயர் வைக்கலாம் என்றாராம். கைதட்டலாம். ஒரு ஹங்கேரிக்காரர் மட்டும், எங்கள் பலூனில் அப்படி ஏற்றம் எதுவும் தெரியவில்லையே என்று இழுத்திருக்கிறார். நம் குழுத் தலைவர், "உங்கள் பலூன் தாழப் பறக்கிறது" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டாராம்.

"அந்த ஹங்கேரிக்காரர் என்ன பண்ணினாரு?"

"பாவம், நல்ல மனுஷன். ஆனா அவருக்கு அனுபவம் பத்தாது" என்றான் கிளேப்.

எனக்குச் சிவப்பு பூட்ஸ் வாங்கி வந்திருக்கிறான். காலுக்குச் சரியாக இருக்கிறது. இந்தக் கதையில் நிஜமாக இருப்பது இந்த பூட்ஸ் மட்டும்தான்.

அக்டோபர் 10

புதாபெஸ்டில் வாசித்த எண்ணிக்கையில் கிளேப் திருத்தம் செய்திருப்பதைக் கர்னல் கண்டுபிடித்துவிட்டார். செத்தோம் என்று நினைத்தேன். அவர் கிளேப்பைக் கூப்பிட்டு, ரகசியம் காக்கும் படிவத்தில் கையெழுத்து வாங்கி, 'ஆலோசகர்' ஆக்கிவிட்டார். இனி மாதம் ஒரு நாள் மீன்கடைக்கு மேலே வருவான்.

இன்றுதான் முதல் நாள். பகோமோவ் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நவம்பர் ஏழுல கை வைக்காதீங்க பகோமோவ். புரட்சி நாள் பூமியிலதான்."

"சரிங்க. ஏத்தம்?"

"ஒண்ணரை போதும். ரெண்டு கொஞ்சம் ஆசை."

பகோமோவ் பணிவாகக் குறித்துக்கொண்டார். ஒண்ணரையும் கூடுதல்தானே, அவர் கை நடுங்கவில்லை.

நவம்பர் 8

கிளேப் துறைத்தலைவர் ஆகிவிட்டான். சாப்பாட்டு வரிசையில் நிற்க வேண்டாம், தனி அறை. வீட்டில் என்னிடமும் கொஞ்சம் மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறான், குறிப்பெடுத்துக்கொள்ள வசதியாக. நேற்று அணிவகுப்பில் ஏவுகணைகள் போனபோது, "விஞ்ஞானத்துக்கும் இதுல பங்கு இருக்கு" என்றான். முன்பெல்லாம் அந்தச் சமயத்தில் மூக்கைச் சொறிவான்.

டிசம்பர் 11, புதன்

கர்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பிப்ரவரியில இன்னொண்ணு போகுதும்மா. இது வேற ரகம், உள்ள நிறைய இடம் இருக்கு. உங்க வீட்டுக்காரர் பெட்டியை ஏத்திடலாம். இந்தத் தடவை நிஜமா."

"எப்படிங்க?"

"ஜெனரல்கிட்ட ரெண்டு தடவை போய் நின்னேன். முதல் தடவை கத்தினாரு. ரெண்டாம் தடவை சரின்னுட்டாரு. அந்தப் பெட்டி அலமாரியில இருக்குன்னு நினைக்கறப்பெல்லாம் எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்மா. போர்ல ஒருத்தனை வழியில விட்டுட்டு வந்த மாதிரி."

இந்த மனிதரைப் பற்றி இந்த நோட்டில் எத்தனை கேலி எழுதியிருக்கிறேன்! மேசை மேலே எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கேட்காத காதைத் திருப்பிக்கொண்டார்.

டிராமுக்குக் காத்திருக்க முடியவில்லை. புது பூட்ஸோடு பனியில் வழுக்கி வழுக்கி ஓடினேன். இது போதும், இது எல்லாவற்றையும் நேர் பண்ணிவிடும். நிஜ எண்ணிக்கை வரும். பழைய கணக்கில் கருவிக் கோளாறு என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. அவனும் பழைய கிளேப் ஆகிவிடுவான். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு ஓடினேன், நாற்பத்தாறு வயதில்.

சொன்னேன். முகத்தில் ஒன்றுமே அசையவில்லை.

"நல்ல செய்தி" என்றான், சாவுச் செய்தி கேட்டவன் போல. பிறகு, "எப்போ?" என்றான். பிறகு, "பாக்கலாம்" என்றான்.

1975 ஜனவரி 22, புதன்

கடிதம் வந்திருக்கிறது. முத்திரைகள் எல்லாம் வாங்கிக்கொண்டு, வழக்கம் போல என் மேசைக்கே. 'கருவியை மேலும் மேம்படுத்த வேண்டியிருப்பதால், இந்த ஏவுதலில் அது இடம்பெற இயலாது. கோளின் சமநிலை கெடாதிருக்க, ஒதுக்கிய இடத்தில் அதே எடையுள்ள ஈயக் கட்டியைப் பொருத்தலாம். துறைத்தலைவர் கிளேப் ஷுமீலின்.'

வீட்டுக்குப் போய் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நின்றேன். குழாயைத் திறந்துவிட்டேன், ஒட்டுக் கேட்கிறவர்களுக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கட்டும் என்று.

"பதினோரு வருஷம் ராவி ராவித் தயார் பண்ணின பெட்டிக்கு இப்ப என்ன மேம்பாடு?"

"சின்னச் சின்ன வேலை இருக்கு ரிம்மா."

"இடம் இருக்கு, எடை இருக்கு, ஜெனரல் சரின்னுட்டாரு. இந்தத் தடவை உன்னை யாரும் தள்ளலையே!"

"கொஞ்சம் யோசி. அது மேல போய் எண்ண ஆரம்பிச்சு, ஏத்தமே இல்லைன்னு சொல்லிச்சுன்னா? ஷுமீலின் ஏத்தத்தை ஷுமீலின் பெட்டியே இல்லைன்னு சொல்லணுமா? என் கீழ பன்னிரண்டு பேர் வேலை பாக்கறாங்க. ரெண்டு பேர் அந்த ஏத்தத்தை வெச்சே ஆராய்ச்சிப் பட்டம் வாங்கப் போறாங்க."

"எண்ணிக்கை வந்தாப் போதும், தெருக் கூட்டுவேன்னியே!"

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லை. அதனால சொல்லிட்டேன்."

"உனக்காகத்தான்னு சொல்லேன். இப்பச் சொல்லு பாப்போம். நான் உள்ள போகத் தயார், பையை இப்பவே எடுத்துட்டு வரேன், சொல்லு!"

குழாயை மூடினான். "தண்ணி வீணாப் போகுது" என்றான்.

எனக்குப் பழைய ஆளின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரவே கஷ்டமாக இருந்தது. ரயில் நிலையத்திலிருந்து வந்து தொப்பியோடு உட்கார்ந்திருந்தானே, அவன்.

ஜனவரி 23, வியாழன்

கர்னல் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை கையெழுத்தை மட்டும் பார்த்தார்.

"போன தடவை நாங்க இறக்கினோம். இந்தத் தடவை யாரு?"

அந்தக் கையெழுத்து கண் எதிரே இருந்தது.

"பொய் என் தொழில்மா. நாப்பது வருஷமா உத்தரவு வந்தா சொல்லுவேன். இவருக்கு யாரும் உத்தரவு போடலையே." தாளை என் பக்கமாகத் தள்ளினார். "ஈயத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேணும்னா நீங்க போட்டு அனுப்புங்க. உங்களுக்கு அதிகாரம் இருக்கு."

எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். கீழே மீன்கடைக்கு லாரி வந்து நின்று, ஆட்கள் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கடிதம் வரவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். பெட்டி மேலே போயிருக்கும், ஒரு தடவையாவது நிஜமாக எண்ணியிருக்கும். அப்புறம் வீட்டில் யாரோடு உட்கார்ந்து சூப் குடிப்பது என்று நினைத்தேன்.

போட்டுவிட்டேன். ஈயக் கட்டிக்குக் கீழே இப்போது இரண்டு கையெழுத்து இருக்கிறது. கிளேப் ஷுமீலின், ரிம்மா ஷுமீலினா.